"வைல் ஆன் லீவ்": லீவில் போனது நானா, சர்வரா?

இரவுஷிப்ட்:
போன வாரம் நடந்தது. நான் இரண்டு நாள் லீவில் இருந்தபோது எங்கள் சர்வர் படுத்துவிட்டது. திரும்பி வந்ததும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விளக்க மெயில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் எழுதிய முதல் வரி: "வைல் ஆன் லீவ், த சர்வர் வென்ட் டவுன்." (ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். போனில் மாற்றி மாற்றித் தட்டச் சோம்பல்.)

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சர்வருக்கு லீவு கொடுத்தது யார் என்று ஒரே கேள்வி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. மேனேஜரும் அந்த மெயிலில் இருந்தார். அப்புறம் மதியச் சாப்பாடு வரை எனக்குப் பெயரே "லீவ் சர்வர்" தான்.

முதலில் "வைல் ஐ வாஸ் ஆன் லீவ்" என்றுதான் எழுதியிருந்தேன். நீளமாக இருக்கிறதே என்று "ஐ வாஸ்" இரண்டையும் வெட்டினேன். "வைல் இன் சென்னை, ஐ மெட் ஹிம்" என்றெல்லாம் எல்லோரும் எழுதுகிறார்களே! அங்கே வெட்டலாம், இங்கே கூடாதா? எங்கே வெட்டலாம் என்று யாராவது புரியும்படி சொல்லுங்கள். இலக்கணம் பார்க்கும் செயலியில் போட்டுப் பார்த்தேன், அது வாயே திறக்கவில்லை.

பாலக்கரை டீச்சர்:
தம்பி, வெட்டியது தப்பில்லை. வெட்டிய இடம்தான் தப்பு.

வென், வைல், இஃப், அன்லெஸ், அன்டில், ஒன்ஸ், தோ போன்ற சொற்களில் தொடங்கும் துணை வாக்கியத்தில் எழுவாயையும் வினையையும் சேர்த்து எடுத்துவிடலாம். அதற்கு இரண்டு விஷயம் பொருந்த வேண்டும். எடுக்கிற எழுவாய், முதன்மை வாக்கியத்தின் எழுவாயாகவே இருக்க வேண்டும். எடுக்கிற வினை "பி" வினையாக, அதாவது ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் ஆக இருக்க வேண்டும். "வைல் ஐ வாஸ் இன் சென்னை, ஐ மெட் ஹிம்": இரண்டு பக்கமும் "ஐ", வினை "வாஸ்". வெட்டலாம். உங்கள் வாக்கியத்தில் ஒரு பக்கம் "ஐ", மறுபக்கம் "சர்வர்". நீங்கள் "ஐ"யை எடுத்ததும் வாசிக்கிறவர் காலி நாற்காலியைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பது சர்வர். அதையே உட்கார வைத்துவிடுகிறார்.

வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இன்னொரு தப்பு. "வென் ஐ ஸ்மால், வி லிவ்ட் இன் தஞ்சாவூர்" என்று எழுதுவார்கள். வினை மட்டும் போயிருக்கும், எழுவாய் தனியாக நிற்கும். எடுத்தால் இரண்டையும் எடு, இல்லாவிட்டால் இரண்டையும் வை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். "நான் சின்னப் பையன்" என்று தமிழில் சொன்னால் அதில் வினையே இல்லை. இல்லாத ஒன்றை ஆங்கிலத்தில் மட்டும் தேடிக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றால் மறக்கத்தான் செய்யும்.

இரவுஷிப்ட்:
நன்றி டீச்சர். காலி நாற்காலி மனதில் உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஒரு சந்தேகம். "இஃப் நெசசரி, ஐ வில் கம் ஆன் சண்டே" என்று தினமும் எழுதுகிறோம். உங்கள் கணக்குப்படி "இஃப் ஐ ஆம் நெசசரி" என்றல்லவா அர்த்தம் வரும்? நான் அவசியமானவன் என்று ஆபீசில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

பாலக்கரை டீச்சர்:
அங்கே போனது "இட் இஸ்". இஃப் நெசசரி, இஃப் பாசிபிள், வென் நீடட், வேர் அப்ளிகபிள், அன்லெஸ் அதர்வைஸ் ஸ்டேட்டட் எல்லாம் அந்தக் கூட்டம். ஒரு ஆளையோ பொருளையோ குறிக்காத "இட்" ஆக இருந்தால் ஒரே எழுவாய் என்ற நிபந்தனை அதைப் பிடிக்காது. "ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்" என்று எழுதும்போது நடுவில் ஒரு "இட் இஸ்" காணாமல் போயிருப்பதை யாராவது நினைத்துப் பார்க்கிறோமா?

மருந்துக்கடை:
இந்த "இஃப் நெசசரி" பேச்சில் நானும் நுழைகிறேன். டாக்டர் சீட்டில் காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில் "எஸ்ஓஎஸ்" என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் "ரொம்ப ஆபத்தா சார்?" என்று கேட்கிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற சிக்னல் இல்லை இது. "சை ஓபஸ் சிட்" என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். தேவைப்பட்டால் என்று பொருள். வலி இருந்தால் போடு, இல்லாவிட்டால் விடு, அவ்வளவுதான்.

கவனித்தீர்களா, லத்தீனில் "சிட்" என்ற வினை இருக்கிறது. ஆங்கிலக்காரர் "இஃப் நெசசரி" என்று அதையும் வெட்டிவிட்டார். நாங்கள் கவரில் எழுதும்போது "வலித்தால் மட்டும்" என்று எழுதுகிறோம். எழுவாய் இல்லை, ஆனால் வினை இருக்கிறது.

மஞ்சள்ஹெல்மெட்:
மருந்துக்கடை அண்ணன் சொன்ன கடைசி வரியில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ரசாயன டிரம்களில் ஒட்டும் எச்சரிக்கை வாசகங்களைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. அந்த வாசகங்கள் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதுவதில்லை. ஐ.நா. 2003-ல் வெளியிட்ட ஜிஎச்எஸ் என்ற உலகப் பொது முறையில் ஒவ்வொரு வாசகத்துக்கும் எண் உண்டு. பி301 "இஃப் ஸ்வாலோட்". பி302 "இஃப் ஆன் ஸ்கின்". பி304 "இஃப் இன்ஹேல்ட்". பி305 "இஃப் இன் ஐஸ்", அதாவது கண்ணில் பட்டால்.

இப்போது டீச்சரின் நிபந்தனையை இதில் வைத்துப் பாருங்கள். "இஃப் இன் ஐஸ்: ரின்ஸ் காஷஸ்லி வித் வாட்டர்." கழுவ வேண்டியது நீங்கள். கண்ணுக்குள் இருப்பதும் நீங்களா? இல்லை, ரசாயனம். உலகம் முழுக்க டிரம்மில் ஒட்டியிருக்கும் ஆங்கிலமே அந்த விதியை மீறுகிறது.

இதைவிட அருமையான ஒன்று இருக்கிறது, பி338. கான்டாக்ட் லென்ஸை எடுத்துவிடு, "இஃப் பிரசன்ட் அண்ட் ஈசி டு டூ" என்று வரும். ஒரே ஒரு இஃப். அதன் பின்னால் இரண்டு எழுவாய் ஒளிந்திருக்கின்றன. "பிரசன்ட்" ஆக இருப்பது லென்ஸ். "ஈசி" ஆக இருப்பது லென்ஸை எடுக்கும் காரியம். முதல் தடவை இதைத் தமிழாக்க உட்கார்ந்தபோது டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் "லென்ஸ் போட்டிருந்து, எளிதாக எடுக்க முடிந்தால், எடுத்துவிடவும்" என்று எழுதினேன். மூன்று வினை. ஆங்கிலத்தில் அந்த இஃப் பகுதியில் "டு டூ" தவிர வினையே கிடையாது.

எதிர்க்கட்சி:
அப்படியானால் டீச்சர் சொன்னது விதியே இல்லை என்று ஆகிவிட்டதே! ஐ.நா. மீறுகிறது, சமையல் குறிப்பு மீறுகிறது. "வென் கோல்டன் பிரௌன், ரிமூவ் ஃப்ரம் ஆயில்" என்று படித்துவிட்டு யாராவது தான் பொன்னிறமாகும்வரை சட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்களா? சொன்னது புரிந்தால் போதும். அந்த வாடிக்கையாளருக்கும் புரிந்துதான் இருக்கிறது, வேண்டுமென்றே கிண்டல் செய்திருக்கிறார். ஷேக்ஸ்பியரே மீறியிருக்கிறார், தெரியுமா? ஹாம்லெட் முதல் அங்கத்தில் அப்பாவின் ஆவி வந்து பேசும். "ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ சர்ப்பென்ட் ஸ்டங் மீ." தோட்டத்தில் தூங்கியது பாம்பா, ராஜாவா? யாரும் அவருக்குச் சிரிப்புப் பொம்மை அனுப்பவில்லை.

பாலக்கரை டீச்சர்:
அனுப்பியிருக்கிறார்கள் எதிர்க்கட்சி சார். எழுவாய் தொங்குவதற்கு உதாரணம் என்று அந்த வரியை எடுத்துக் காட்டுகிறவர்கள் நிறைய உண்டு.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். லேபிள், சமையல் குறிப்பு, அறிவிப்புப் பலகை இவற்றின் ஆங்கிலமே தனி. "ரிமூவ் ஃப்ரம் ஆயில்" என்பதில் எதை எடுக்க வேண்டும் என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள் பாருங்கள். சாதாரண ஆங்கிலத்தில் அதை விட முடியாது. கண் முன்னால் டிரம்மோ வடையோ இருக்கிறது என்ற தைரியத்தில் எழுதுவது அது. மெயில் படிக்கிறவர் முன்னால் என்ன இருக்கிறது? உங்கள் வாக்கியம் மட்டும்தான்.

இலக்கணக்காரர்களும் இதைக் கல்லில் வெட்டிய சட்டமாகச் சொல்லவில்லை. க்வெர்க்கும் இன்னும் மூவரும் சேர்ந்து 1985-ல் கொண்டுவந்த பெரிய இலக்கணம் இதை "அட்டாச்மென்ட் ரூல்" என்கிறது. விடுபட்ட எழுவாயை முதன்மை எழுவாயோடு ஒட்டிப் புரிந்துகொள்வதுதான் வழக்கம் என்று சொல்லிவிட்டு, விலக்குகளையும் அங்கேயே பேசுகிறார்கள்.

விமானத்தில் முன் சீட்டின் முதுகில் "ஃபாஸன் சீட் பெல்ட் வைல் சீட்டட்" என்று இருக்குமே, அது விதிக்கு அடங்கிய பிள்ளை. கட்ட வேண்டியது நீங்கள், உட்கார்ந்திருப்பதும் நீங்கள். அதில் இரண்டு பக்கமும் எழுவாய் கிடையாது என்பது வேறு விஷயம்.

ஓலைச்சுவடி:
நான் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆங்கில விவகாரத்தில் எனக்கு என்ன வேலை என்று ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீங்கள் பேசுவது எனக்குப் பழகிய விஷயம்.

"உண்டு வந்தான்" என்றால் உண்டவனும் வந்தவனும் ஒருவனே. "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் எழுவாயின் வினையையே கொண்டு முடிய வேண்டும். தொல்காப்பியம் வினையியலில் செய்து, செய்யூ, செய்பு மூன்றையும் முன்னால் வைத்து, இவை "வினைமுதல் முடிபின" என்று தனியாகப் பிரித்துவிட்டது. செயின், செய முதலான மற்றவைக்கு அந்தக் கட்டு இல்லை. "மழை பெய்யின் குளம் நிறையும்" என்றால் பெய்வது ஒன்று, நிறைவது இன்னொன்று. தடை கிடையாது.

இரவுஷிப்ட் தம்பி எங்கே சறுக்கினார் என்பது எனக்கு இங்கேதான் தெரிகிறது. அவர் மனதில் ஓடிய தமிழ், "லீவில் இருந்தபோது சர்வர் படுத்துவிட்டது" என்பது. தமிழில் அது முழுக்கச் சரி. "போது" என்பதற்கு ஒரே எழுவாய் என்ற கட்டு இல்லாததால் "நான்" என்பதை விட்டாலும் கேட்கிறவர் தானே போட்டுக்கொள்வார். ஆங்கிலத்து "வைல்" பார்வைக்கு நம் "போது" போல இருக்கிறது. எழுவாய் உள்ளவரை அப்படித்தான் நடந்துகொள்கிறது. எழுவாயை வெட்டிய நிமிடமே நம் "செய்து" போல ஆகிவிடுகிறது. "நான் லீவில் இருந்து சர்வர் படுத்தது" என்று யாராவது எழுதினால் நமக்குக் காதில் எப்படி இடறும்? அந்த வாடிக்கையாளருக்கு உம்முடைய வரி அப்படித்தான் இடறியிருக்கும்.

இரவுஷிப்ட்:
ஐயா, இதை இரண்டு தடவை படித்தேன். உண்மைதான், நான் "இருந்தபோது" என்று நினைத்துத்தான் "வைல்" போட்டேன். டீச்சர் சொன்னபோது தலையாட்டினேன், நீங்கள் சொன்னபோதுதான் புரிந்தது. (டீச்சர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

எதிர்க்கட்சி:
ஐயா, "மழை பெய்து குளம் நிறைந்தது" என்று ஊரே சொல்கிறது. பெய்தது மழை, நிறைந்தது குளம். தொல்காப்பியர் கட்டு எங்கே போயிற்று?

ஓலைச்சுவடி:
நல்ல கேள்வி. கட்டு அவிழும் இடங்களையும் நம்மவர்கள் பார்த்திருக்கிறார்கள். "கை இற்று வீழ்ந்தான்" என்பார்கள். இற்றது கை, வீழ்ந்தது அவன். கை அவனுடைய உறுப்பு என்பதால் அதைச் சினைவினை என்று சொல்லித் தொல்காப்பியமே அனுமதித்தது. "ஞாயிறு பட்டு வந்தான்" என்றும் உண்டு. ஞாயிறு பட, வந்தவன் வேறொருவன். "பட" என்று வர வேண்டியது "பட்டு" என்று திரிந்தது என நன்னூல் வழியில் சமாதானம் சொல்வோம். உமது மழையும் குளமும் இந்த இரண்டாவது கணக்கு. "பெய்ய" என்பது "பெய்து" என நிற்கிறது. மழைதான் குளத்தை நிறைத்தது என்ற காரணத் தொடர்பு பளிச்சென்று இருப்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. நான் லீவில் இருந்ததற்கும் சர்வர் படுத்ததற்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது. இருந்தால் மேனேஜரிடம் சொல்ல வேண்டாம்.

மஞ்சள்ஹெல்மெட்:
ஐயா, உங்கள் பதிலைப் படித்ததும் என் வேலையில் ரொம்ப நாளாக உறுத்திய ஒன்றும் பிடிபட்டது. "இஃப் இன் ஐஸ்" என்பதைத் தமிழில் வினை இல்லாமல் சொல்ல எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். லேபிளில் இடம் குறைவு. "கண்ணில்:" என்று மட்டும் போட்டுப் பார்த்தேன், எதுவும் புரியவில்லை. ஏன் முடியவில்லை என்றால், ஆங்கிலத்தில் "இஃப்" தனிச் சொல். எழுவாயும் வினையும் போனாலும் அது முன்னால் நின்றுகொண்டு நிபந்தனை என்று சொல்லிவிடும். தமிழில் அந்த வேலையைச் செய்யும் "ஆல்" வினையின் வாலில் இருக்கிறது. "பட்டால்" என்பதில் வினையை எடுத்தால் வாலும் கூடவே போய்விடும். அதனால் நாம் எழுவாயைத் தாராளமாக விடுவோம், வினையை மட்டும் விட மாட்டோம். "கண்ணில் பட்டால்", "விழுங்கினால்", "தோலில் பட்டால்" என்றே இப்போது எழுதுகிறேன். எழுத்தளவைச் சிறிதாக்கிக்கொண்டேன்.

குரூப்2கனவு:
வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சித் தாளில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.
"ஐ சா ஹிம் கிராசிங் த ரோட்."
"ஐ சா ஹிம் வைல் கிராசிங் த ரோட்."
இரண்டுக்கும் ஒரே அர்த்தம் என்று போட்டேன், தப்பு என்று வந்தது. "ஹிம்" தானே பக்கத்தில் இருக்கிறார்?

பாலக்கரை டீச்சர்:
பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதீர்கள், எழுவாயைப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் "கிராசிங்" ஹிம்மோடு சேர்ந்தது, ரோட்டைக் கடந்தது அவர். இரண்டாவதில் "வைல்" வந்துவிட்டது. வைலுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது "ஐ வாஸ்". கடந்தது நான், கடக்கும்போது அவரைப் பார்த்தேன். "மை மதர் கால்ட் மீ வைல் டிரைவிங்" என்றால் வண்டி ஓட்டியது அம்மா. ஓட்டியது நீங்கள் என்றால் "வைல் ஐ வாஸ் டிரைவிங்" என்று முழுதாக எழுதுங்கள், வீட்டில் சண்டை வராது.

குரூப்2கனவு:
புரிந்தது. இன்னும் ஒன்று. "பிகாஸ் சிக், ஐ டிட் நாட் கோ" என்று எழுதலாமா? "தோ சிக், ஐ வென்ட்" சரி என்று படித்தேன். தோவுக்கு உண்டென்றால் பிகாஸுக்கும் உண்டுதானே?

பாலக்கரை டீச்சர்:
கிடையாது. பிகாஸ் இந்தச் சலுகையை ஏற்காது. காரணம் சொல்லும் சின்ஸ், ஆஸ் இரண்டும் அப்படியே. "பிகாஸ் ஐ வாஸ் சிக்" என்று முழுதாக எழுதலாம், "பிகாஸ் ஆஃப் சிக்னெஸ்" எனலாம், இல்லாவிட்டால் இணைப்புச் சொல்லையே எடுத்துவிட்டு "பீயிங் சிக்" எனலாம்.

பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் இன்னொரு ரகம். "ஆஃப்டர் டயர்ட்" என்று வராது. "ஆஃப்டர் ஈட்டிங்", "பிஃபோர் லீவிங்" என்று ஐஎன்ஜி வர வேண்டும். ஆனால் அங்கேயும் எழுவாய்க் கட்டு உண்டு. "ஆஃப்டர் ஈட்டிங் த பிரியாணி, த பில் கேம்" என்று எழுதினால் சாப்பிட்டது பில்தான்.

எதிர்க்கட்சி:
ஏற்காது என்று அடித்துச் சொல்லாதீர்கள் டீச்சர். "பிகாஸ் சயின்ஸ்", "பிகாஸ் மண்டே" என்று இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அமெரிக்கன் டயலெக்ட் சொசைட்டி 2013-க்கான ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்ததே இந்த "பிகாஸ்" தான். பழைய சொல்லுக்கு எதற்குப் பட்டம்? இந்தப் புது வழக்கத்துக்காகத்தான்.

பாலக்கரை டீச்சர்:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அது வேண்டுமென்றே குறும்பாகச் சொல்வது. கேட்கிறவரும் குறும்பு என்று தெரிந்தே சிரிக்கிறார். குரூப்2கனவு தேர்வுத்தாளில் "பிகாஸ் மண்டே" என்று எழுதினால் திருத்துகிறவர் சிரிக்க மாட்டார். பத்து வருஷம் கழித்து நிலைமை மாறினால் நானும் மாற்றிக்கொள்கிறேன்.

மொழி இப்படித்தான் மாறும் என்பதற்கு என்னிடமும் ஒரு சரக்கு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். "ஆல்பீட்" என்ற சொல் இருக்கிறதே, அது இடைக்கால ஆங்கிலத்தில் "ஆல் பி இட்" என்று மூன்று சொல்லாக இருந்தது. "அது அப்படியே இருந்தாலும்" என்பது போல. எழுவாயான "இட்" உள்ளேயே இருக்கிறது, "பி" உள்ளேயே இருக்கிறது. மற்ற இடத்திலெல்லாம் வெட்டித் தூக்கி எறிந்த இரண்டையும் இங்கே விழுங்கி ஒரே சொல்லாக்கிவிட்டார்கள்.

மருந்துக்கடை:
டீச்சர், அப்படியே எனக்கும் ஒன்று. சிரப் பாட்டிலில் "ஷேக் வெல் பிஃபோர் யூஸ்" என்று இருக்கிறதே, அதிலும் எதையாவது வெட்டியிருக்கிறார்களா?

பாலக்கரை டீச்சர்:
இல்லை. அங்கே "யூஸ்" பெயர்ச்சொல், "பிஃபோர்" அதற்கு முன்னிடைச்சொல். "பிஃபோர் லஞ்ச்" மாதிரி. எதைக் குலுக்குவது என்பதை மட்டும் விட்டிருக்கிறார்கள், மஞ்சள்ஹெல்மெட் சொன்ன லேபிள் பாஷை. மாத்திரையை வாயில் போட்டுவிட்டு ஆள் குலுங்க வேண்டுமா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பாதீர்கள்.

இரவுஷிப்ட்:
திருத்திய மெயில் போய்விட்டது. "த சர்வர் வென்ட் டவுன் வைல் ஐ வாஸ் ஆன் லீவ்." நீளம் அதிகமானது இரண்டே சொல். வாடிக்கையாளர் "கிளாட் த சர்வர் இஸ் பேக் ஃப்ரம் லீவ்" என்று பதில் போட்டிருக்கிறார். மனிதர் விடுவதாக இல்லை.

கடைசிச் சந்தேகம். அடுத்த மாதம் ஊர்த் திருவிழாவுக்கு மறுபடி லீவு. தானாகப் போகும் பதில் மெயிலில் "இஃப் அர்ஜென்ட், கால் மீ" என்று வைத்திருக்கிறேன். அதுவாவது சரியா?

பாலக்கரை டீச்சர்:
சரிதான். "இட் இஸ்" கூட்டம், தாராளமாக வெட்டலாம்.

எதிர்க்கட்சி:
இலக்கணம் சரி. திருவிழாவில் போனை எடுப்பாரா என்று சர்வரைக் கேளுங்கள்.